தாயக்கட்டையில் 0.0625 பெரிதா, 0.125 பெரிதா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது?

கயல்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. நிகழ்தகவுப் பாடத்துக்கு ஒரு செயல்திட்டம் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று போக, இவள் வீட்டில் கிடந்த பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டாள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 1, 2, 3, அப்புறம் புள்ளி இல்லாத ஒரு பக்கம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, ஒன்றில் 1 விழுந்து மற்றது வெறுமையாக இருந்தால் தாயம். மொத்தம் 16 விதம் என்று அவளே எழுதி எண்ணி, தசமமாகவும் மாற்றிவிட்டாள்:

3 விழ 4/16 = 0.25
2 விழ 3/16 = 0.1875, 4 விழவும் அதே
தாயம் 2/16 = 0.125, 5 விழவும் அதே
6 விழ 1/16 = 0.0625, பன்னிரண்டு விழவும் அதே

இதுவரை சரி. அடுத்து, எது அதிகம் விழும் என்று இறங்கு வரிசையில் எழுதச் சொன்னால் 0.1875, 0.0625, 0.125, 0.25 என்று எழுதியிருக்கிறாள். அதாவது 1875, 625, 125, 25. இதன்படி பன்னிரண்டு தாயத்தைவிட அடிக்கடி விழும், 3 எல்லாவற்றையும்விட அரிது! பாட்டியோடு ஆடும்போது பன்னிரண்டு விழுந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவள் இவள்தான். "4/16 பெரிதா 1/16 பெரிதா" என்று கேட்டால் பட்டென்று சரியாகச் சொல்கிறாள். தசமத்தில் வந்தால் மட்டும் தடுமாற்றம்.

இன்னொரு சிக்கல். சோதனைக்காக 80 தடவை உருட்டி எண்ணினாள். தாயம் 7 தடவை, பன்னிரண்டு 8 தடவை. 7/80 = 0.0875, 8/80 = 0.1. இப்போது "875 பெரிது, 1 சின்னது, அதனால் தாயம்தான் அதிகம் விழுந்தது" என்கிறாள், பக்கத்திலேயே 7, 8 என்று அவள் கைப்பட எழுதி வைத்திருந்தும்கூட. இரண்டு இடத்திலும் சரியாகத் தலைகீழ்.

என் கேள்வி இரண்டு. தசமத்தை ஒப்பிடுவதை மனதில் நிற்கிற மாதிரி எப்படிச் சொல்வது? கணக்குப்படி பன்னிரண்டு பாதிதானே விழ வேண்டும், அது தாயத்தை முந்தியிருக்கிறதே, கட்டையில் கோளாறா?

சும்மா_ஒருத்தன்:

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? எல்லாத்துக்கும் புள்ளிக்குப் பின்னால் ஒரே அளவு இலக்கம் வருகிற மாதிரி சைபர் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். 0.2500, 0.1875, 0.1250, 0.0625. இப்போது பார்த்தால் சின்னப் பிள்ளைகூட சொல்லும். 0.0875, 0.1000 அதே கதைதான். முடிந்தது.

கணக்கு_வாத்தி:

மேலே நண்பர் சொன்ன வழி சரியானதுதான், தேர்வு நேரத்தில் நானும் அதையே செய்யச் சொல்வேன். ஆனால் அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை என்ன செய்கிறாள் என்று பாருங்கள். 2500, 1875, 1250, 625 என்று நான்கு முழு எண்களை ஒப்பிடுகிறாள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் ஒரு முழு எண்தான் என்ற நினைப்பு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது, சைபர் போட்டதால் இந்தத் தடவை விடை சரியாக வந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த தடவை நிரப்ப மறந்தால் பழைய இடத்துக்கே போய்விடுவாள்.

இது உங்கள் மகளுக்கு மட்டும் வருகிற குழப்பம் கிடையாது அம்மா. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் பார்த்த எண்களில் இலக்கம் கூடினால் மதிப்பும் கூடியது, 625 எப்போதும் 25-ஐவிடப் பெரிதாகவே இருந்தது. அந்த விதி புள்ளியைத் தாண்டியதும் செல்லாது என்று யாரும் அவளிடம் நின்று நிதானமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், வேகமாக "தசமக் கூட்டல்" பக்கம் போயிருப்பார்கள்.

அவள் கையில் தாயக்கட்டை இருக்கிறது, அதை வைத்தே சொல்லுங்கள். 10,000 தடவை உருட்டுவதாக வைத்துக்கொள்வோம். புள்ளிக்கு அடுத்த இடம், அதாவது பத்தில் ஒன்றாம் இடம், அங்கே ஒரு 1 இருந்தால் 1000 உருட்டல். அதற்கு அடுத்த நூறில் ஒன்றாம் இடத்தில் ஒரு 1 இருந்தால் 100 உருட்டல். அடுத்தது 10, அதற்கும் அடுத்தது 1. இப்போது 0.1875 என்றால் 1000 + 800 + 70 + 5. தாயத்தின் 0.125 என்றால் 1000 + 200 + 50. பன்னிரண்டின் 0.0625-இல் ஆயிரம் என்ற பேச்சே இல்லை, 600 + 20 + 5 மட்டும். அவள் பார்த்த அந்த 625 பத்தாயிரத்துக்கு 625. 125 என்பது ஆயிரத்துக்கு 125. 25 என்பது நூற்றுக்கு 25. மூன்றும் வெவ்வேறு மொத்தத்திலிருந்து வந்தவை, அவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எப்படி?

இதைப் பிடித்துக்கொண்டால் ஒப்பிடும் முறை தானாகவே வரும். இடமிருந்து வலமாகப் போங்கள், முதலில் எந்த இடத்தில் இலக்கம் மாறுகிறதோ அங்கேயே தீர்ப்பு, மேலே போக வேண்டாம். பத்தில் ஒன்றாம் இடத்தில் 0.25-க்கு 2, 0.1875-க்கும் 0.125-க்கும் 1, 0.0625-க்கு 0. ஆக முதலிடமும் கடைசி இடமும் முடிவாகிவிட்டது. நடுவில் இருக்கிற 0.1875, 0.125 இரண்டுக்கும் மட்டும் அடுத்த இடத்தைப் பார்த்தால் 8, 2. முடிந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை யாரும் தொடவே இல்லை.

"பின்னால் பெரிய இலக்கமாக வந்தால்?" என்று நல்ல பிள்ளை கேட்கும். கேட்டால் 0.0999-ஐ எழுதச் சொல்லுங்கள். எத்தனை 9 போட்டு நிறுத்தினாலும் 0.1-ஐத் தொடாது. முன்னால் உள்ள இடத்தின் ஒரே ஒரு 1-ஐப் பின்னால் உள்ள எல்லாரும் சேர்ந்தாலும் தாண்ட முடியாது என்பதால்தான் இடமிருந்து வலம் என்ற முறையே செல்லுபடியாகிறது.

ஒரு எச்சரிக்கை. இதைச் சொல்லிக்கொடுத்ததும் சில பிள்ளைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள்: "ஓ, அப்ப நீளமாக இருந்தால் சின்னது". நூறில் ஒன்றைவிட ஆயிரத்தில் ஒன்று சின்னது என்பதைக் கேட்டு இப்படி ஒரு விதியைத் தாங்களே செய்துகொள்வார்கள். அதற்கும் இந்தத் தாயக்கட்டை எண்களே போதும். 0.125, 0.0625 கொடுத்தால் "நீளமானது பெரிது" என்கிற பிள்ளை மாட்டிக்கொள்ளும். 0.125, 0.1875 கொடுத்தால் "நீளமானது சின்னது" என்கிற பிள்ளை மாட்டிக்கொள்ளும். இரண்டு ஜோடியையும் கொடுத்து இரண்டிலும் சரி வந்தால்தான் புரிந்தது என்று அர்த்தம். ஒரே வகை ஜோடியாகப் பத்து கணக்கு போட்டு பத்தும் சரி என்றால் ஒன்றுமே தெரியாது. பல வினாத்தாள்கள் இப்படித்தான் இருக்கின்றன, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை போதாது.

தெற்குவாசல்:

எனக்கு ஒரு சந்தேகம். விழக்கூடியது 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு விதம்தானே, ஆளுக்கு 1/7 என்று ஏன் வரவில்லை? அந்தப் பாப்பா 16 என்று எழுதியது எதனால்?

கணக்கு_வாத்தி:

ஏழு விதமான மொத்தம் இருக்கிறது, ஆனால் ஏழும் சம வாய்ப்பு உள்ளவை அல்ல. ஒரு கட்டையின் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். பொட்டுக் கட்டையில் 1, மற்றதில் வெறுமை என்றால் தாயம். பொட்டுக் கட்டை வெறுமை, மற்றதில் 1 என்றாலும் தாயம். இரண்டு வழி. பன்னிரண்டுக்கு இரண்டும் வெறுமையாக விழ வேண்டும், ஒரே வழி. 3-க்கு நாலு வழி: 3-உம் வெறுமையும் இரண்டு விதமாக, 1-உம் 2-உம் இரண்டு விதமாக. நாலு நாலு பதினாறு வழிகள்தான் சம வாய்ப்பு உள்ளவை, நிகழ்தகவு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏழு என்று தொடங்கினால் 0.142857… என்று ஆளுக்கு ஒரே எண் வரும், தாயம் விழாமல் தவம் கிடந்த யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புள்ளியியல்_பித்தன்:

கயல் அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் நான்.

80 உருட்டலில் எதிர்பார்ப்பு: தாயம் 80 × 0.125 = 10, பன்னிரண்டு 80 × 0.0625 = 5. உங்கள் மகளுக்கு வந்தது 7, 8. பார்க்கத் தப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் எதிர்பார்ப்பு என்பது சராசரி, வாக்குறுதி கிடையாது. தாயம் 10-க்கு முன்பின் மூன்று வரை சாதாரணமாக ஊசலாடும், பன்னிரண்டு 5-க்கு முன்பின் இரண்டு. அதாவது தாயம் 7 முதல் 13 வரை, பன்னிரண்டு 3 முதல் 7 வரை இருந்தால் யாரும் புருவம் உயர்த்த வேண்டாம், ஒன்றிரண்டு வெளியே போனாலும் பெரிய விஷயமில்லை. இந்த இரண்டு வரம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, 80 உருட்டல் இவற்றைப் பிரித்துக் காட்டப் போதாது.

சரி, பன்னிரண்டு 8 தடவையோ அதற்கு மேலோ விழுவது எவ்வளவு அரிது என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நேர்மையான கட்டையாக இருந்தாலே அதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய 0.127. இப்போது இதையும் ஒரே உருட்டலில் தாயம் விழும் 0.125-ஐயும் பக்கத்தில் வையுங்கள். முதல் இடம் சமம், இரண்டாம் இடம் சமம், மூன்றாம் இடத்தில் 7, 5. அவ்வளவு கிட்ட. ஆட்டத்தில் முதல் உருட்டிலேயே ஒருவருக்குத் தாயம் விழுந்துவிட்டால் "கட்டையில் கோளாறு" என்று சண்டைக்கா போகிறோம்? கொஞ்சம் பொறாமைப்படுவோம், அடுத்த ஆள் உருட்டப் போய்விடுவோம். இதற்கும் அந்த அளவு ஆச்சரியம்தான் நியாயம்.

பன்னிரண்டு தாயத்தை முந்துவது இதைவிடக் கொஞ்சம் அரிது, 0.1-க்குக் கீழே வரும். ஆனாலும் ஒரு வகுப்பில் 40 பேர் இதே சோதனையைச் செய்தால் இரண்டு மூன்று பேருக்காவது இப்படித் தலைகீழாக வரக்கூடும். உங்கள் மகள் அந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தி, அவ்வளவே. தயவுசெய்து "கணக்கோடு ஒத்துப்போகிற மாதிரி" எண்ணை மாற்றி எழுதச் சொல்லிவிடாதீர்கள். செயல்திட்டம் என்றாலே எல்லாம் அழகாக ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. 7, 8 என்றே எழுதி, ஏன் இப்படி வரலாம் என்று நாலு வரி எழுதினால் அதுதான் நல்ல செயல்திட்டம்.

கட்டையையே சந்தேகப்பட வேண்டுமென்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. வெறுமைப் பக்கம் அதிகமாக விழுகிற கட்டை என்றால் பன்னிரண்டு கூடும், சரி. ஆனால் தாயத்துக்கும் ஒரு வெறுமைப் பக்கம் வேண்டுமே! வெறுமைப் பக்கத்தின் வாய்ப்பு 0.25-க்குப் பதில் 0.3, 1-இன் பக்கம் அப்படியே 0.25 என்று வைத்தால் பன்னிரண்டு 0.3 × 0.3 = 0.09 ஆகும், தாயம் 2 × 0.3 × 0.25 = 0.15 ஆகும். இரண்டும் ஏறுகின்றன, தாயம்தான் இன்னும் மேலே நிற்கிறது. உங்கள் சோதனையில் ஒன்று ஏறி மற்றது இறங்கியிருக்கிறது. வெறுமைப் பக்கம் கனத்திருக்கிறது என்ற எளிய கதை இதற்குப் பொருந்தாது, வெறும் தற்செயல் என்ற கதை நன்றாகவே பொருந்துகிறது. இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் கட்டைகளைத் தனித்தனியாக எண்ணுங்கள். 80 உருட்டலில் ஒவ்வொரு பக்கமும் 20 தடவை சுமாராக விழ வேண்டும், முன்பின் நாலு. ஒரு பக்கம் 30-ஐத் தாண்டினால் அப்போது பேசலாம். உருட்டும் விதமும் முக்கியம், உள்ளங்கைகளுக்கு நடுவில் நன்றாகத் தேய்த்து உருட்டி விட வேண்டும், சும்மா நழுவவிட்டால் முன்னால் இருந்த பக்கமே திரும்பத் திரும்ப விழும்.

800 தடவை உருட்ட முடிந்தால் தாயம் 100-ஐச் சுற்றி ஒன்பது பத்து, பன்னிரண்டு 50-ஐச் சுற்றி ஏழு. நடுவில் பெரிய இடைவெளி வந்துவிடும், மாறி விழ வழியே இல்லாத மாதிரி. நாலு பிள்ளைகள் சேர்ந்து ஆளுக்கு 200 என்று பிரித்துக்கொள்ளலாம்.

மிட்விக்கெட்:

தசமம் என்றதும் எனக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும், அது பிள்ளைகளைக் கெடுத்து வைத்திருக்கிறது என்பது என் கட்சி. 19.4 ஓவர் என்றால் 19 ஓவரும் 4 பந்தும். அங்கே புள்ளிக்குப் பின்னால் உள்ளது ஆறில் எத்தனை என்பது, பத்தில் எத்தனை என்பது இல்லை. 19.6 என்று ஒன்று வரவே வராது, 20 ஆகிவிடும். 150 ரன்னை 19.4-ஆல் வகுத்தால் ரன் விகிதம் 7.73 வரும், அது தப்பு. 4 பந்தை 4/6 ஆக்கி 19.67-ஆல் வகுத்தால் 7.63, அதுதான் சரி.

ஓட்டப்பந்தயம் நல்ல உதாரணம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடி, வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கொஜோகாரு 55.41. நூறில் ஒன்றாம் இடத்தில் ஒரே ஒரு 1. 2024 பாரிஸில் ஆண்கள் 100 மீட்டரில் அதுவும் பத்தவில்லை. நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இரண்டு பேருக்கும் 9.79, ஆயிரத்தில் ஒன்றாம் இடம் வரை போய் 9.784, 9.789 என்று பார்த்துத்தான் தங்கம் யாருக்கு என்று சொன்னார்கள். (9.784 ஏன் 9.78 ஆகவில்லை என்று கேட்காதீர்கள், தடகளத்தில் நேரத்தை மேல்நோக்கித்தான் முழுமையாக்குவார்கள்.)

பழைய_கணக்கு:

எங்கள் காலத்துக்கு முந்தைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இந்த வரிசையில் தடுமாறியிருக்கவே மாட்டார்கள். 1/16 என்றால் வீசம், மாகாணி என்றும் சொல்வார்கள். 1/8 அரைக்கால், 1/4 கால். அந்தப் பெண் எழுதிய பட்டியல் அப்படியே கால், மூன்று வீசம், அரைக்கால், வீசம். காலுக்கு நாலு வீசம், அரைக்காலுக்கு இரண்டு வீசம். ஆக 4, 3, 2, 1. தாயம் விழ அரைக்கால் வாய்ப்பு, பன்னிரண்டு விழ வீசம் வாய்ப்பு என்று சொன்னால் குழப்பத்துக்கு இடம் எங்கே?

சும்மா_ஒருத்தன்:

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 0.0875-ஐ வீசத்தில் எப்படிச் சொல்வீர்கள்? 

பழைய_கணக்கு:

7/80 தானே தம்பி. 1/80 காணி. ஏழு காணி. மற்றது எட்டு காணி, அதாவது இருமா. சுலபம்.

சும்மா_ஒருத்தன்:

ஐயா கும்பிட்டுக்கிறேன், ஆளை விடுங்க.

தெற்குவாசல்:

வாத்தியார் சொன்னது விளங்கியது, நன்றி. இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். தாயம் விழ 0.125 என்றால் எட்டில் ஒன்று. அப்ப எட்டு தடவை உருட்டினால் கட்டாயம் ஒரு தாயம் விழும் என்று எடுத்துக்கொள்ளலாமா? நாலு தடவை உருட்டினால் பாதி வாய்ப்பா?

புள்ளியியல்_பித்தன்:

இந்தக் கேள்விக்கு 370 வருஷ வரலாறு உண்டு. 1654-இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித மேதைகள் எழுதிக்கொண்ட கடிதங்களில் இதே மாதிரி ஒரு சிக்கல் வருகிறது, கேட்டவர் ஷெவாலியே த மெரே என்ற பிரெஞ்சுக்காரர். ஒரு பகடையை 4 தடவை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். இரண்டு பகடையை 24 தடவை உருட்டி ஒரு இரட்டை ஆறாவது விழும் என்று கட்டினால் நட்டம். 4/6-உம் 24/36-உம் ஒன்றுதானே, ஏன் இப்படி என்பது அவர் குழப்பம். உங்கள் கேள்வியும் அதே தினுசு.

வாய்ப்புகளை அப்படியே கூட்டிக்கொண்டு போக முடியாது, கூட்டினால் 9 உருட்டலில் 1.125 என்று 1-ஐத் தாண்டிவிடும், நிகழ்தகவு 1-ஐத் தாண்டவே தாண்டாது. விழாமல் இருக்கிற பக்கத்திலிருந்து வர வேண்டும். ஒரு உருட்டில் தாயம் விழாமலிருக்க 0.875. நாலு உருட்டிலும் விழாமலிருக்க 0.875-ஐ நாலு தடவை பெருக்க வேண்டும், ஏறக்குறைய 0.5862 வரும். ஐந்துக்கு 0.5129. ஆறுக்கு 0.4488. ஆக ஒரு தாயமாவது விழ நாலு உருட்டில் 0.4138, ஐந்தில் 0.4871, ஆறில் 0.5512. பாதிக்கு மேலா கீழா என்று பார்க்கப் பத்தில் ஒன்றாம் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்: 4, 4, 5. ஆறாவது உருட்டில்தான் பாதியைத் தாண்டுகிறது. எட்டில் கட்டாயம் என்பதும் இல்லை, எட்டிலும் விழாமலிருக்க 0.34-க்கு மேலேயே வாய்ப்பு இருக்கிறது.

மெரேயின் கதையிலும் அப்படியே. முதல் பந்தயம் 0.5177, இரண்டாவது 0.4914. இரண்டையும் 0.5-ஓடு ஒப்பிட்டால் பாதியின் இரண்டு பக்கமும் நிற்கின்றன. வித்தியாசம் வெறும் 0.03-க்குள், ஆனால் பாதிக்கு எந்தப் பக்கம் என்பதில்தான் லாபமும் நட்டமும். 24-க்குப் பதில் 25 தடவை என்று கட்டியிருந்தால் 0.5055 ஆகித் தப்பித்திருப்பார்.

கயல்_அம்மா:

எல்லாருக்கும் மிக்க நன்றி. 10,000 உருட்டல் விளக்கம் நன்றாக வேலை செய்தது, வரிசையைத் தானே திருத்திவிட்டாள். வாத்தியார் சொன்ன இரண்டு ஜோடியும் கொடுத்தேன், இரண்டும் சரி. 7, 8-ஐ மாற்றாமல் அப்படியே எழுதப் போகிறாள், தெருப் பிள்ளைகளைச் சேர்த்து 800 உருட்டும் திட்டமும் தயார். ஆட்டத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாமே, அதற்கு 2 + 2 + 1 + 1 = 6, 6/16 = 0.375 என்று அவளே கண்டுபிடித்து "இது 0.25-ஐவிடப் பெரிது, முதல் இடத்திலேயே தெரிகிறது" என்றாள்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். 8/80-ஐ 0.1 என்று எழுதுவதா, 0.1000 என்று எழுதுவதா? மதிப்பெண் குறைப்பார்களா?

கணக்கு_வாத்தி:

மதிப்பு ஒன்றுதான் அம்மா. கடைசியில் சேர்க்கிற சைபர் எந்த இடத்து இலக்கத்தையும் நகர்த்தாது. புள்ளிக்குப் பக்கத்தில் செருகினால்தான் வம்பு, 0.1 போய் 0.01 ஆகிவிடும். அட்டவணையில் மற்ற எண்கள் நாலு இடத்துக்கு இருப்பதால் 0.1000 என்று எழுதினால் ஒரே சீராக இருக்கும், படிக்கிறவருக்கும் வசதி. நான் திருத்தினால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

யாழ்_நிலா:

நாங்கள் யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் சோகியும் (சோழி) புளியங்கொட்டையும் வைத்துத்தான் தாயம் விளையாடினோம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து எடுப்போம். அதற்கும் இந்த மாதிரி 1/16 கணக்குப் போடலாமா? நாலு கொட்டை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், அதுவும் 16 விதம்தானே வருகிறது.

புள்ளியியல்_பித்தன்:

16 விதம் வரும், ஆனால் அந்த 16-உம் சம வாய்ப்பு என்று சொல்ல முடியாது. நாணயம் மாதிரி இரண்டு பக்கமும் ஒத்த வடிவம் இல்லையே, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உப்பல். சோகிக்கும் அதே பிரச்சினை. எந்தப் பக்கம் எவ்வளவு என்று வடிவத்தை வைத்துக் கணிப்பது கஷ்டம், போட்டுப் பார்த்து எண்ணினால்தான் தெரியும். ஒரே கொட்டையை 200 தடவை போட்டு வெள்ளை எத்தனை என்று எண்ணுங்கள். 90 என்றால் 0.45. அதையே எல்லாக் கொட்டைக்கும் எடுத்துக்கொண்டால் நாலும் வெள்ளையாக விழ 0.45-ஐ நாலு தடவை பெருக்கி ஏறக்குறைய 0.041, நாலும் கறுப்பாக விழ 0.55-ஐ நாலு தடவை பெருக்கி 0.0915. சமமாக இருந்திருந்தால் இரண்டும் 0.0625. ஒரு கொட்டையில் 0.05 மட்டும் சாய்ந்ததற்கு, நாலு சேரும்போது கறுப்பு வெள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. 200 தடவைக்கே 0.45 என்பது முன்பின் 0.035 ஆடும் என்பதால் பொறுமை இருந்தால் இன்னும் கூடுதலாகப் போட்டு எண்ணுங்கள், அதோடு எந்தக் கொட்டை எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் தேய்த்த மாதிரி இன்னொன்றைத் தேய்த்திருக்க மாட்டீர்கள்.